மரப்பிடி போட்ட கூர்மையான கோடாலி ஒன்று

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மனு எழுதினார்கள். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரம் ஆனதிலிருந்து ஊரில் திருட்டு ஜாஸ்தியாகிவிட்டதாம். செயினைப் பறிக்கிறார்கள், பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், பூட்டிய வீட்டில் புகுகிறார்கள். அதனால் தெருமுனைக்குத் தெருமுனை கேமரா வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அது சரி. அடுத்த வரியில், கல்வராயன் மலையிலிருந்து பிழைக்க வந்து தங்கியிருப்பவர்களைப் போலீஸ் கண்காணிக்க வேண்டும் என்று இருந்தது. நான் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மனு கொண்டு வந்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார். நல்ல மனுஷன்தான்.

"இன்னாங்க நீங்க, பூட்டு விக்கிறவரே இப்டிச் சொன்னா எப்டி? அந்தக் காலத்துல நம்ம ஊர்ல கதவத் தொறந்து போட்டுத் தூங்கினோம். இப்ப அப்டியா கீது?"

"யாரும் தொறந்து போட்டுத் தூங்கல சார். உங்க அப்பாரு எங்கிட்ட நாலு பூட்டு வாங்கினாரு. ஒண்ணு சமையல்கட்டுக்கு."

அவர் முகம் சுருங்கிப் போய்விட்டது. எனக்கு நயமாகப் பேச வராது. ஆனால் கோபம் அவர் மேல் இல்லை. யார் மேல் என்பதை எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷம் எழுத முடியாததற்கு என் மனைவி காரணம். அவள் இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று இருந்தேன். அவள் போன வருஷம் போய்விட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் கடை. பெட்டிக்கடை அளவுதான். பூட்டு விற்பேன், ரிப்பேர் செய்வேன், சாவி போடுவேன், கத்தி அரிவாளுக்குச் சாணை பிடிப்பேன். கடையிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. அன்றைக்கு இருந்த ஆட்கள் யாரும் இப்போது அங்கே இல்லை.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டை ரைட்டர் என்பார்கள். அந்த ரைட்டருக்கு நான் வேண்டிய ஆள். போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், அதை நேரில் பார்த்ததாக வெளியாட்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளுக்கு மகஜர் என்று பெயர். எங்கேயோ எடுத்த கத்திக்கும் சைக்கிளுக்கும் சாராயக் கேனுக்கும் நானும் எதிர் டீக்கடைக்காரரும்தான் சாட்சி. எதையும் நாங்கள் பார்த்தது கிடையாது. ரைட்டர் வாசலில் நின்று கத்துவார்:

"யோவ் பூட்டு! வந்து ஆட்டோகிராப் போட்டுட்டுப் போயா!"

போவேன். தாளின் அடியில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் போடுவேன். பாதி நேரம் மேலே ஒன்றும் எழுதியிருக்காது. "எழுதிக்கிறன், நீ போ" என்பார். என் கடையின் முன்பக்கம் ரோட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். நான் மட்டும் அல்ல, எல்லா ஸ்டேஷன் வாசலிலும் என்னைப் போல ஒருவன் இருந்தான்.

ரைட்டரின் மேசைக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. கொலை, கொள்ளை, கன்னக்களவு, திருட்டு என்று கட்டம் போட்டு, பக்கத்தில் பதிவானது, கண்டுபிடித்தது, நிலுவை என்று எழுதியிருக்கும். எண்களை மட்டும் சாக்பீஸில் மாற்றுவார்கள். நிலுவையில் எண் ஏறினால் மேலதிகாரி ரைட்டரைத் திட்டுவார். ரைட்டர் எங்களைத் திட்டுவார். ஊரில் குற்றம் ஜாஸ்தியா கம்மியா என்பதற்கு அந்தப் பலகைதான் கணக்கு. மனு எழுதுகிறவர்கள் சொல்லும் அந்தக் காலத்து அமைதியும் அந்தச் சாக்பீஸ் எழுதிய அமைதிதான்.

இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள் அவை. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சனம் பங்கு கேட்டது. கேட்டது நியாயம். இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஊர்வலத்தில் நானும் போயிருக்கிறேன். சாலை மறியல் நடந்த வாரம் உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நின்றது நின்றபடி நின்றன. ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு, சாவு என்று சேதி வந்துகொண்டே இருந்தது. ஊரில் எல்லோருக்கும் எல்லோர் மேலும் பயம். பகலில் முழக்கம் போட்டவனே சாயங்காலம் என் கடைக்கு வந்து, "இருக்கறதுலயே பெருசா ஒண்ணு குடு" என்று பூட்டு கேட்டான்.

அந்த வாரம் என் மனைவி கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த அவளுடைய அம்மா வீட்டில் இருந்தாள். அவளைப் பார்க்கச் சைக்கிளில் போயிருந்தேன். மறுநாள் காலையில் கரும்புக் கொல்லை வரப்பில் புல் அறுக்கப் போனவளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் கால் மரக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பல் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. பஸ் இல்லை, கார் இல்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த ஒரு ஜீப்பைக் குறுக்கே நின்று மறித்தோம். மறியல் சேதி மலைக்கு அரைகுறையாகத்தான் போயிருந்தது. ஜீப்பில் சாமை மூட்டையும் கடுக்காய் மூட்டையும், நாலைந்து மலைக்காரர்களும் இருந்தார்கள். மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளைப் படுக்க வைத்தோம். நானும் அவளுடைய தம்பியும் ஏறிக்கொண்டோம்.

மூன்று மைல் போயிருப்போம். ரோட்டின் குறுக்கே பெரிய புளியமரம் கிடந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் பள்ளம். சுற்றிலும் ஆள் இல்லை. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இட ஒதுக்கீடு கேட்டீங்க, சரி. எவனும் போறதுக்கு இடமே இல்லாமப் பண்ணிட்டீங்களேய்யா!"

அவளுடைய தம்பி அழுதுகொண்டே என் கையைப் பிடித்தான். "மாமா, இத நாங்கதான் அறுத்தோம். முந்தாநேத்து. நானும் ரம்பம் புடிச்சேன் மாமா."

அக்காவின் தலை அவன் மடியில் இருந்தது. அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அடித்து என்ன ஆகப் போகிறது என்று கையை இறக்கிவிட்டேன்.

ஜீப்பின் பின்னால் இருந்த ஒரு மலைக்காரர் இறங்கினார். முப்பது வயது இருக்கும். கரியாலூர்ப் பக்கத்து ஆள். தோளில் ஒரு கோடாலி. மொண்ணையாகிப் போனதால் டவுன் பட்டறையில் கொடுத்துச் சரி பண்ணக் கொண்டு வந்தது. மரத்தின் தலைப்பக்கம் போய், ஜீப் நுழையும் அளவுக்குக் கிளைகளை வெட்ட ஆரம்பித்தார். மொண்ணைக் கோடாலி. வெட்டு விழவே இல்லை, மரம் நசுங்கியது. மாற்றிப் பிடிக்கிறேன் என்று மைத்துனன் போனான்.

"நீ வுடு தம்பி. அக்காவப் புடிச்சிக்க. இது எனக்குத்தான் கேக்கும்."

அரைமணிக்கு மேல் வெட்டினார். உள்ளங்கை பொத்துப் போய் பிடி முழுக்க ரத்தம். நாங்கள் கிளைகளை இழுத்துப் போட்டோம். ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தபடி நுழைந்து வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் தான் கையை விரித்திருக்க வேண்டியதுதான் என்றார். வாசலில் நின்றிருந்த அந்த மலைக்காரரிடம் போனேன்.

"பஸ் ஸ்டாண்டு பின்னால என் கடை. ரோடு தெறந்ததும் வாப்பா. கோடாலிய நான் தீட்டித் தர்றன். சவரம் பண்ற மாதிரி ஆக்கித் தர்றன்."

"வர்றண்ணா" என்றார்.

நான் கூப்பிட்டேன். அவர் வந்தார். இதை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

மறியல் முடிந்து சில நாட்களில், ஒரு முற்பகலில் வந்தார். என் மனைவி இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள், சிறுநீரகம் கெட்டுப் போகுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கென்று ஒரு பாட்டிலில் மலைத்தேன் கொண்டு வந்திருந்தார். நான் கோடாலியைச் சாணையில் வைத்து, பிறகு அரம் போட்டு, கல்லில் தேய்த்து வேலை செய்தேன். அவ்வளவு கவனமாக நான் எதையும் தீட்டியது கிடையாது. தன் முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தார். முடி விழுந்தது. சிரித்தார்.

"இனிமே இதுக்குப் பக்கத்துல கொழந்தைங்கள வுடக் கூடாதுண்ணா."

கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்குள் போனார். மலையில் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். கீழே அந்த நாளில் கோடாலியோடு நடக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்திருக்கலாம். தோன்றவில்லை.

மரம் சாய்த்தவர்களைப் பிடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. பிடித்தாக வேண்டும். எங்கள் சனத்தின் ஊர்களுக்குள் போனால் கல் வரும். பஸ் நிலையத்தில் கோடாலியோடு ஒருத்தன் தனியாக நின்றுகொண்டிருக்கிறான். போலீஸ்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார்.

"ரோட்ல மரம் வெட்டினியாடா?"

"வெட்டுனேங்க."

பொய் சொல்லத் தெரியாத ஆள். சாய்த்ததையும் வெட்டியதையும் எங்கள் ஊரில் ஒரே சொல்லில் சொல்வார்கள். அவருக்கு அது வேறு வேறு வேலை. ரோட்டில் கிடந்த மரத்தை வெட்டினாயா என்று கேட்கிறார்கள், வெட்டினேன் என்கிறார். நல்ல காரியத்துக்குத்தான் விசாரிக்கிறார்கள் என்றுகூட நினைத்திருப்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் ரைட்டர் கூப்பிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். கையில் தூக்குப் பாத்திரத்தோடு போய், நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். நிமிர்ந்தபோதுதான் மூலையில் சாத்தியிருந்த கோடாலியைப் பார்த்தேன். என் அரத்தின் கோடு எனக்குத் தெரியாதா. அதன் பக்கத்தில் அவர் தரையில் குந்தியிருந்தார். ஜட்டியோடு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

தாளை வாங்கிப் படித்தேன். முதல் தடவையாகப் படித்தேன். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போலீஸ் எழுத்தில் எதிரி என்று பெயர். எதிரி தானாகவே ஒப்புக்கொண்டு, மரம் வெட்டிச் சாய்த்த இடத்துக்கு அருகே புதரில் மறைத்து வைத்திருந்த மரப்பிடி போட்ட கூர்மையான கோடாலி ஒன்றை எங்கள் முன்னிலையில் எடுத்துக் கொடுத்தார் என்று இருந்தது.

"ஏட்டய்யா, இவரு மரத்த சாய்க்கல. சாஞ்சி கெடந்தத வெட்டி வழி வுட்டாரு. எம் பொண்டாட்டி அந்த ஜீப்லதான் வந்தா. நான் கூட இருந்தன். அது ரம்பத்துல அறுத்த மரம். அடிக்கட்டைய போய்ப் பாருங்க, மேச மாதிரி வழவழன்னு கீது."

ரைட்டர் பேனாவை வைத்தார். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் பலகை இருந்தது.

"சரி. ரம்பத்துல அறுத்தது யாரு? பேரச் சொல்லு, இவன இப்பவே அனுப்பிடறன்."

என் மைத்துனன் அப்போது அரசு வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டுக் காத்திருந்தான். ஒரு கேஸ் விழுந்தால் போச்சு. எந்தப் போராட்டத்தில் பங்கு கேட்டானோ அந்தப் பங்கு அவனுக்கு இல்லாமல் போகும். காட்டிக் கொடுத்தவன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கிடப்பவளுக்கு என்ன பதில் சொல்வது. இவ்வளவும் அங்கே நின்று யோசித்தேன் என்று சொல்ல முடியாது. தூக்குப் பாத்திரத்தின் சூடு கையில் உறைத்துக்கொண்டிருந்தது.

"தெரியல" என்றேன்.

"இன்னா பூட்டு, வாய்க்கும் ஒண்ணு மாட்டிக்கினியா?" என்று சிரித்தார். தாளை என் கையிலிருந்து உருவிக்கொண்டார்.

அதோடு விடவில்லை. எங்கள் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் நகை போயிருந்தது. பல மாதமாக நிலுவையில் கிடந்த அந்தக் கேஸையும் அவர் தலையில் கட்டினார்கள். திருட்டுப் போன மறுநாளே அந்த வீட்டுக்காரர் பூட்டை என்னிடம் கொண்டு வந்து காட்டியிருந்தார். ஒரு கீறல் இல்லை. சாவி போட்டுத் திறந்த பூட்டு. வீட்டுக்குள்ளேயே பாருங்க என்று சொல்லி அனுப்பினேன். கோர்ட்டில் அதே பூட்டை வளையம் தெறித்துப் போன நிலையில் பார்த்தேன். கோடாலியின் பின்பக்கத்தால் உடைத்ததாம். அந்த மலைக்காரர் அந்தத் தெருவில் கால் வைத்தவர்கூட இல்லை.

பலகையில் நிலுவையை அழித்து, ஒன்று குறைத்து எழுதினார்கள். மலைத் திருடன் பிடிபட்டான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. டீக்கடையில் என் முன்னாலேயே பேசினார்கள். "இப்பதாம்பா நிம்மதி. பொம்பளப் புள்ளைங்க தைரியமா நடமாடலாம்." அடுத்த சில மாதம் எனக்குப் பூட்டு வியாபாரம் கம்மி. நகையை எடுத்தது யாரோ, அந்த ஆளும் எங்களோடு நிம்மதியாகத்தான் இருந்திருப்பான்.

கேஸ் கோர்ட்டுக்கு வந்தபோது மழைக்காலம். வராந்தாவில் விலங்கோடு உட்கார்ந்திருந்தார். இளைத்துப் போயிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உண்மையைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்தார்.

"வந்துட்டியாண்ணா. வூட்ல அண்ணி நல்லா கீறாங்களா?"

"நல்லா கீறா."

"அது போதும்."

கூண்டில் ஏறினேன். கையெழுத்து உன்னுடையதா என்றார்கள். என்னுடையதுதான் என்றேன். இந்தக் கோடாலியா என்றார்கள். இதுதான் என்றேன். அவருக்கு இலவசமாக வாதாட வந்த வக்கீல் சின்னப் பையன், கேஸ் கட்டை அன்றைக்குத்தான் பார்த்திருப்பான். எதையோ கேட்க வேண்டுமே என்று, "கோடாலி கூர்மையாக இருந்தது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். அதற்குள் அவரே கைகட்டி நின்ற இடத்திலிருந்து பேசிவிட்டார்.

"நல்ல கூர்தாங்க சாமி. இந்த அண்ணன்தான் தீட்டிக் குடுத்தாரு."

எனக்குப் பெருமை சேர்க்கிறார். அவ்வளவுதான் அவருக்கு. கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். கேட்காமல் பேசக் கூடாது என்று அதட்டல் வந்தது. அது எழுத்தில் ஏறவில்லை. நீதிபதி என்னைப் பார்த்தார். "சாட்சி, பதில் சொல்லு."

"பாத்தாலே தெரியுங்க" என்றேன்.

ஒன்றரை வருஷம் போட்டார்கள். வெளியே கொண்டு போகும்போது என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். அப்போதும் அவர் முகத்தில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது பிழைத்திருப்பேன்.

"அண்ணா, கோடாலிய எப்பக் குடுப்பாங்க?"

"குடுப்பாங்க."

"எங்கப்பாவுது. நீ கொஞ்சம் சொல்லி வைண்ணா."

கோர்ட்டுப் பொருள் திரும்பி வராது என்று எனக்குத் தெரியும். சொல்லி வைக்கிறேன் என்றேன்.

என் மைத்துனனுக்கு வேலை கிடைத்தது. நல்ல உத்தியோகம். அவனுக்கும் தெரியும். அவனும் நானும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. என் மனைவி மட்டும், ஊரில் திருட்டுப் பேச்சு வரும்போதெல்லாம் ஆரம்பிப்பாள். "மலைக்காரங்கள தப்பா பேசாதீங்க. ஒருத்தர் கை கிழியக் கிழிய வெட்டித்தான் நான் உசுரோட கீறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "அவரு ஏன் ஒரு நாளும் வர்லே? நீ தீட்டித் தர்றன்னு சொன்னியே?" என்பாள். "மலையில வேல இருக்கும்" என்பேன். அவர் கொண்டு வந்த தேனையும் கடையில் வாங்கியது என்று சொல்லித்தான் அவளுக்குக் கொடுத்திருந்தேன்.

அவர் விடுதலையாகியிருக்க வேண்டிய காலம் தாண்டி, பட்டறையில் ஒரு புதுக் கோடாலி அடிக்கச் சொன்னேன். பிடி போட்டு, நானே தீட்டினேன். சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு கரியாலூருக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவர் இல்லை. வெளியே வந்ததும் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போய்விட்டாராம். வீட்டில் அவருடைய மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். நான் யார் என்று சொல்லவில்லை. தெரிந்தவன் என்றேன். சாமைச் சோறு போட்டாள். சாப்பிட்டேன். சாக்கை அவிழ்த்து அவள் முன்னால் வைத்தேன்.

அவள் பின்னால் நகர்ந்துகொண்டாள். ஒரு குழந்தை தொட வந்தது, அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணாங்க. எடுத்துட்டுப் போயிடுங்க. போலீசு வந்து இது யார்துன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? நாங்க இப்ப கோடாலி வச்சிக்கறதில்ல."

மலையில் ஒரு வீடு, கோடாலி இல்லாமல். அடுப்புக்குப் பக்கத்தில் கையால் ஒடித்த சுள்ளிகள்தான் கிடந்தன.

மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸில் இறங்கினேன். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒருவர் ஏறி, மலைக்காரர்களின் பைகளையும் மூட்டைகளையும் ஒவ்வொன்றாக அவிழ்க்கச் சொன்னார். கடுக்காய் பஸ் முழுக்க உருண்டது. என் காலடியில் சாக்கு. பிடியின் முனை வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அவர் என்னிடம் வந்தார். என் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"கொஞ்சம் கால எடுத்துக்குங்க சார்" என்று சொல்லி, தாண்டிப் பின் சீட்டுக்குப் போய்விட்டார்.